உங்கள் நிபுணர்களைத் தயார் செய்து அனுப்புங்கள்: எதிரித் தரப்பு வக்கீலின் திறந்த மடல்

நீலகிரி மாவட்டத்தில் அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களுக்கும், மருத்துவம், கால்நடை, வனம், போக்குவரத்து ஆகிய துறைகளின் மாவட்ட அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் எதிரித் தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, ஆஜராகிறவன். ஊட்டி செஷன்ஸ் கோர்ட்டிலும் குன்னூர், கூடலூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளிலும் உங்கள் டாக்டர்களையும் ரேஞ்சர்களையும் மோட்டார் வாகன ஆய்வாளர்களையும் குறுக்கு விசாரணை செய்துதான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. அப்படிப்பட்ட ஆள், உங்கள் நிபுணர்களை ஒழுங்காகத் தயார் செய்து கூண்டில் ஏற்றுங்கள் என்று எழுதினால், இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றுதான் நினைப்பீர்கள். அப்படி எதுவும் இல்லை. தயாராகாத நிபுணரால் சில வழக்குகளில் என் கட்சிக்காரர் தப்பிக்கிறார், சில வழக்குகளில் மாட்டிக்கொள்கிறார். மாட்டிக்கொண்டால் அப்பீலில் போய்க்கூட அதைச் சரிசெய்வது கஷ்டம். மேல் கோர்ட் படிப்பது இங்கே பதிவான வாக்குமூலத்தை மட்டும்தான்.

இப்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கூடலூரில் வேலை பார்க்கும் அரசு டாக்டருக்கு ஊட்டியில் சாட்சி என்று வைத்துக்கொள்வோம். முந்தைய நாள் சாயங்காலம் கான்ஸ்டபிள் சம்மனைக் கொடுத்துவிட்டுப் போவார். டாக்டர் நைட் டியூட்டி முடித்த கையோடு 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் பஸ் ஏறி வருவார். பிரேதப் பரிசோதனை செய்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அறிக்கையின் நகல் அவரிடம் இருக்காது. கேஸ் கட்டு அரசு வழக்கறிஞரிடம் இருக்கும், அவருக்கோ அன்றைக்கு ஏழெட்டு கேஸ். வராண்டாவில் நின்றபடியே கட்டைப் புரட்டிக் காட்டி, "ரிப்போர்ட்ல இருக்கறத அப்படியே சொல்லிடுங்க டாக்டர், அஞ்சு நிமிஷம்தான்" என்பார். அரசு வழக்கறிஞர் தன் சாட்சியைக் கேட்கும் முதல் விசாரணைக்கு அந்த ஐந்து நிமிடம் போதும்தான். அப்புறம் நான் எழுந்திருப்பேன்.

நான் கேட்பது ஒன்றும் பிரமாதமான கேள்வி கிடையாது. "இரண்டாவது காயம், ஒருவர் மேட்டிலிருந்து உருண்டு கல்லில் மோதினாலும் ஏற்பட வாய்ப்பு உண்டுதானே?" மருத்துவத்தில் எதற்குத்தான் வாய்ப்பு இல்லை? டாக்டர் "உண்டு" என்பார். வாக்குமூலத்தில் இப்படிப் பதிவாகும்: "இரண்டாவது காயம் கல்லில் விழுந்தால் ஏற்பட வாய்ப்புள்ளது என்று சொன்னால் சரிதான்." நான் உட்கார்ந்துவிடுவேன். காயம் உச்சந்தலையில் இருந்ததும், உருண்டு விழுந்தவருக்கு முழங்கையிலும் முட்டியிலும் இருந்திருக்க வேண்டிய சிராய்ப்பு அந்த உடலில் இல்லாததும் டாக்டருக்குத் தெரியும். அவர் எழுதிய அறிக்கையிலேயே இருக்கிறது. ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். "வாய்ப்பு உண்டு, ஆனால் இந்த உடலில் அப்படி நடந்ததற்கான அடையாளம் இல்லை" என்று சொல்லலாம், அந்த விளக்கத்தையும் பதிவு செய்யும்படி நீதிபதியைக் கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. என் குறுக்கு விசாரணைக்குப் பிறகு வரும் மறு விசாரணையில் அதைக் கேட்டு வாங்க வேண்டிய அரசு வழக்கறிஞர் அடுத்த கட்டைத் தேடிக்கொண்டிருப்பார்.

சாட்சியம் முடிந்ததும் பதிவானதை வாசித்துக் காட்டச் சொல்லித் திருத்தம் கேட்கும் உரிமையும் சாட்சிக்கு உண்டு. எங்கள் கோர்ட்டுகளில் டாக்டர்கள் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதைத்தான் பார்க்கிறேன். காயத்தின் அளவில் சென்டிமீட்டர் மில்லிமீட்டராகிப் போனாலும் அப்படியே நின்றுவிடும்.

நிபுணர் என்றால் யார் என்பதிலேயே முதல் அடி விழுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில், நிபுணர் கருத்து 39ஆம் பிரிவில் வருகிறது. பழைய சட்டத்தின் 45ஆம் பிரிவுதான் அது, ஆனால் அறிவியல், கலை என்பவற்றோடு "வேறு எந்தத் துறையும்" என்று இப்போது சேர்த்திருக்கிறார்கள். கதவு அகலமாகிவிட்டது என்று உங்கள் தரப்பில் சந்தோஷப்படலாம். அந்தத் துறையில் தனிப் பயிற்சி உண்டா, அனுபவம் உண்டா என்று கேட்க எனக்கும் அதே அளவுக்கு இடம் கிடைத்திருக்கிறது.

தோட்டக்கலைக்காரர்கள் நிறைந்த நம் மலையில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. இமாச்சலப் பிரதேச அரசுக்கும் ஜெய்லால் என்பவருக்கும் இடையிலான வழக்கு, உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்த்தது. ஸ்கேப் நோய் கண்ட ஆப்பிள்களை அரசு வாங்கிக்கொண்ட திட்டத்தில், தோட்டத்தில் விளைந்திருக்கக்கூடியதை விட அதிகமாக விற்றுப் பணம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தத் தோட்டங்கள் எவ்வளவு விளையும் என்று கணக்குச் சொல்ல அரசு ஒரு தோட்டக்கலை அதிகாரியைக் கூண்டில் ஏற்றியது. தோட்டக்கலைப் படிப்பு இருந்தால் மட்டும் விளைச்சல் மதிப்பீட்டில் நிபுணர் ஆகிவிட முடியாது, அதற்கென்று தனியாகக் கற்றிருக்க வேண்டும் என்று கோர்ட் அவரை ஏற்கவில்லை. நிபுணர் அறிக்கை தானாகச் சாட்சியம் ஆகிவிடாது, அவர் நேரில் வந்து குறுக்கு விசாரணையைத் தாங்க வேண்டும், முடிவை மட்டும் சொன்னால் போதாது, அந்த முடிவை நீதிபதி தானே சோதித்துப் பார்க்கத் தேவையான அளவுகோலைக் கொடுக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. புதிய சட்டத்தில் 45ஆம் பிரிவும் கருத்துக்கான காரணங்களைப் பற்றியதுதான். (பழைய 45 வேறு, இது வேறு. வக்கீல்களே இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறோம்.) உங்கள் ஆட்கள் அறிக்கையின் கடைசி வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். நான் கேட்பதெல்லாம் அதற்கு முந்தைய பக்கங்களில் இருக்கிறது.

மலைக்கென்று தனித் தொல்லை ஒன்றும் உண்டு. தடய மருத்துவப் பாடநூல்களில் வரும் நேரக் கணக்குகள் பெரும்பாலும் சமவெளி வெயிலுக்கானவை. சடலம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் விறைக்கத் தொடங்கும், உடல் முழுக்கப் பரவ 12 மணி, அப்படியே நிற்க 12, தளர 12 என்பது மாணவர்கள் ஒப்பிக்கும் வாய்பாடு. ஜனவரி விடியலில் தலைக்குந்தா பக்கம் புல் மேல் உறைபனி படிந்து கிடக்கும். அங்கே திறந்த வெளியில் கிடந்த உடல் இந்த வாய்பாட்டுக்கு அடங்காது. குளிரில் விறைப்பு மெதுவாக வரும், வந்தால் நெடுநேரம் நிற்கும், அழுகல் தள்ளிப்போகும். அறிக்கையில் "இறந்து 12 முதல் 24 மணி நேரம்" என்று இருந்தால் நான் கேட்பேன்: உடல் கிடந்த இடத்தின் வெப்பநிலையை யாராவது குறித்தார்களா? உடலில் ஸ்வெட்டர் இருந்ததா? சவக்கிடங்கில் குளிர்பெட்டியில் எவ்வளவு நேரம் இருந்தது? இதையெல்லாம் முன்பே யோசித்துப் பார்த்த டாக்டர், "இரவுக் குளிரைக் கணக்கில் எடுத்துத்தான் இடைவெளியை அகலமாகக் கொடுத்தேன், இதைவிடச் சுருக்கிச் சொல்ல மருத்துவத்தில் வழியில்லை" என்பார். அதற்கு மேல் நான் என்ன கேட்பது? யோசிக்காமல் வந்தவர் ஒன்று முறைத்துக்கொண்டு நிற்பார், அல்லது நான் சொல்லும் எல்லா மணிக்கும் தலையாட்டுவார்.

பாடநூலை விரித்து ஒரே ஒரு வரியை வாசித்துக் காட்டி, "இது சரியான நூல்தானே? அப்படியானால் நீங்கள் சொன்னது தப்பு" என்பது எங்கள் பழைய வித்தை. பாடநூலில் இருப்பதை டாக்டரிடம் நேரடியாகக் கேட்காமல் அவருக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1950களிலேயே சொல்லிவிட்டது, அதனால் நாங்கள் கேட்டே ஆக வேண்டும். டாக்டர் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். "புத்தகத்தைக் கொடுங்கள், முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்." நான் வாசித்த வரிக்கு அடுத்த வரியே பெரும்பாலும் "ஆனால்" என்று தொடங்கும். துறை நூல்களைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள நிபுணருக்குச் சட்டமே அனுமதி கொடுக்கிறது, புதிய சட்டத்தில் 162. நாங்கள் கோர்ட்டுக்குப் புத்தகத்தோடு போகிறோம், டாக்டர்கள் வெறுங்கையோடு வருகிறார்கள்.

மோட்டார் வாகன ஆய்வாளர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். செங்குத்தான இறக்கம். கீழ் கியரில் இறங்கத் தெரியாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறி, பாதி மலையில் பிடிக்காமல் போகும். வண்டி கவிழும், ஆள் இறந்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் டிரைவர் மேல் வழக்கு. மறுநாள் ஸ்டேஷன் வாசலில் ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார். அதற்குள் பிரேக் ஆறியிருக்கும். மிதித்தால் நன்றாகவே பிடிக்கும். "விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல" என்று படிவத்தில் வழக்கமான வரியை எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

கூண்டில் நான் கேட்பேன்: சூட்டில் பிடி விட்ட பிரேக், ஆறினால் பழையபடி பிடிக்குமா? பிடிக்கும். நீங்கள் பார்த்தபோது ஆறியிருந்ததா? ஆறியிருந்தது. அப்படியானால் விபத்து நேரத்தில் பிரேக் வேலை செய்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, சரிதானே? சரிதான். டிரைவர் விடுதலை. உண்மையில் இந்த மூன்று பதிலும் டிரைவர் குற்றவாளியா இல்லையா என்று எதையும் சொல்லவில்லை. வண்டி பராமரிப்பில்லாமல் பிரேக் ஆயில் கெட்டுப்போய் இருந்ததா, அல்லது டாப் கியரில் இறக்கிக்கொண்டு வந்ததால் சூடேறியதா என்பதுதான் கோர்ட்டுக்குத் தேவையான கேள்வி. முதல் வகையில் வண்டி முதலாளி பதில் சொல்ல வேண்டும், இரண்டாவதில் டிரைவர். டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கிறதா, பேட் கண்ணாடி போல வழவழத்திருக்கிறதா, ஆயில் என்ன நிலையில் இருக்கிறது, கியர் எதில் நின்றது என்று பார்த்து எழுதியிருந்தால் ஆய்வாளரால் விளக்க முடியும். பல நேரம் அவர் பார்த்திருக்கவும் செய்வார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் எழுதியிருக்க மாட்டார். கூண்டில் ஏறும் முன்பு யாராவது ஒருவர் அவரை உட்கார வைத்து, "கல்லட்டியில் இறங்கிய வண்டி, பிரேக் சூட்டைப் பற்றிக் கேட்பார்கள், என்ன பார்த்தீர்கள்?" என்று விசாரித்திருந்தால் போதும். இது மேல்நாட்டு ஆராய்ச்சி இல்லை. கல்லட்டியில் ஜீப் ஓட்டும் பையனுக்கே தெரிந்த விஷயம்.

விஷம் வைத்த வழக்குகளும் இதே ரகம். 2023 செப்டம்பரில் அவலாஞ்சி பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வழக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. பொதுவாகச் சொல்கிறேன்: உள்ளுறுப்புகளை விஷப் பரிசோதனைக்கு அனுப்பும்போது நிறைசெறிவு உப்புக் கரைசலில் போட வேண்டும், ஃபார்மலினில் போட்டால் விஷத்தைப் பிரித்தெடுப்பது கெட்டுவிடும். அந்தக் கரைசலில் கொஞ்சத்தைத் தனியாக மாதிரிக்கும் அனுப்ப வேண்டும். கால்நடை டாக்டர்கள் இதைச் சரியாகத்தான் செய்கிறார்கள். எதில் போட்டீர்கள், யார் சீல் வைத்தார்கள், சீலின் மாதிரி எங்கே என்று கேட்டால் மட்டும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அது "டிபார்ட்மெண்ட் வேலை" என்று நினைக்கிறார்கள். சுருக்குக் கம்பியில் மாட்டிய சிறுத்தை வழக்கில், இடுப்பைச் சுற்றிய தழும்பு உயிரோடு இருக்கும்போது இறுகியதா, செத்த பிறகு யாராவது கட்டியதா என்பது முதல் கேள்வி. அதற்கும் பதில் அறிக்கையில் இருக்கும், வாயில் வராது.

"சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நீங்களே குற்றம் சாட்டுவீர்களே" என்று ஒரு அரசு வழக்கறிஞர் என்னிடம் கேட்டார். நியாயமான பயம். பதிலைச் சொல்லிக்கொடுப்பதும் கேள்வி எப்படி வரும் என்று பழக்குவதும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் மோமோடூ வழக்கில் 2005இல் அப்பீல் கோர்ட் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது. சாட்சிக்குப் பதில் பயிற்றுவிக்கக் கூடாது. ஆனால் நிபுணர்களுக்கு, கூண்டில் எப்படி விளக்குவது, தனக்குத் தெரிந்த எல்லையைத் தாண்டிப் பேச வைக்கும் நெருக்கடியை எப்படித் தாங்குவது என்று பயிற்சி கொடுக்கலாம், அது நடக்கப்போகும் எந்த வழக்கோடும் சம்பந்தப்பட்டதாக இருக்கக்கூடாது. நம் கோர்ட்டுகளை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனால் நல்ல யோசனை எங்கிருந்து வந்தால் என்ன?

இந்தப் பயத்தால் நடக்கும் வேடிக்கை ஒன்றைச் சொல்கிறேன். "சாட்சி சொல்வதற்கு முன் அரசு வழக்கறிஞரைப் பார்த்துப் பேசினீர்களா?" என்று கேட்டால் பாதி நிபுணர்கள் "இல்லை" என்பார்கள். கோர்ட் வாசல் டீக்கடையில் இருவரும் சேர்ந்து டீ குடித்ததை நானும் பார்த்திருப்பேன், நீதிபதியின் அலுவலக உதவியாளரும் பார்த்திருப்பார். பேசியதில் தப்பே இல்லை, பொய் சொன்னதில்தான் தப்பு. "பேசினேன், என் அறிக்கையை வாசித்துப் பார்த்தோம்" என்று சொன்னால் என் அடுத்த கேள்வி செத்துப்போகும். இதை அவருக்குச் சொல்லிவைப்பது எந்தச் சட்டப்படி குற்றம்?

புதிய நடைமுறைச் சட்டம் இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்திருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 336ஆம் பிரிவுப்படி, அறிக்கை எழுதிய அதிகாரி மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போயிருந்தால் அந்தப் பதவியில் இப்போது இருப்பவர் வந்து அந்த அறிக்கை குறித்துச் சாட்சி சொல்லலாம். வீடியோ மூலமாகவும் சொல்லலாம். மலையில் ஒரு டாக்டர் எத்தனை நாள் நிற்கிறார் என்று உங்களுக்கே தெரியும். ஆக, உடலையே பார்க்காத ஒருவர், தான் எழுதாத அறிக்கைக்காக, நான் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அவரிடம் "இது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு என்னால் ஒரு மணி நேரம் ஓட்ட முடியும். அவர் செய்யக்கூடியது, எது ஏட்டில் இருக்கிறது, எது இல்லை, எதை ஏட்டை வைத்துத் தன் படிப்பால் சொல்கிறார் என்று பிரித்துச் சொல்வது. தயாராகாமல் அதை யாராலும் செய்ய முடியாது.

சரி, இதில் எனக்கு என்ன லாபம்? பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்பான பாடியிலிருந்து வந்த ஒரு பணியர் பெரியவர் வழக்கு அப்பீலில்தான் என் கைக்கு வந்தது. அவர் குடிசையில் இருந்த கறியைப் பார்த்த வனத்துறை அதிகாரி, "என் அனுபவத்தில் பார்த்ததுமே கடமான் கறி என்று தெரிந்தது" என்று கூண்டில் சொல்லியிருந்தார். முதல் விசாரணையில் சொன்னதோடு சரி, இலவச சட்ட உதவியில் வந்த ஜூனியர் குறுக்கு விசாரணையில் அதைத் தொடவே இல்லை. சமைத்த கறியைக் கண்ணால் பார்த்து இனம் சொல்ல முடியாது. அதற்குத்தான் வண்டலூரிலும் ஹைதராபாதிலும் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஒழுங்காகத் தயார் செய்யப்பட்ட அதிகாரியாக இருந்தால், "சந்தேகப்பட்டேன், மாதிரி எடுத்து அனுப்பினேன், எந்த விலங்கு என்று சொல்ல வேண்டியது ஆய்வகம்" என்று சொல்லியிருப்பார், எதிரே நல்ல வக்கீல் நின்றாலும் சரி, நிற்காவிட்டாலும் சரி. காசு உள்ளவர் என்னைப் போன்றவனை வைத்து உங்கள் நிபுணரை மடக்கிவிடுவார். காசு இல்லாதவருக்கு உங்கள் நிபுணரின் நேர்மையான தயக்கம் ஒன்றுதான் பாதுகாப்பு. அந்தத் தயக்கத்தைக் கூச்சமில்லாமல் வெளியே சொல்லப் பழக்குவதுதான் நான் கேட்கும் பயிற்சி.

ஆகவே கேட்கிறேன். சம்மனோடு அறிக்கையின் நகலையும் படங்களையும் ஒரு வாரம் முன்பாவது நிபுணருக்கு அனுப்புங்கள். அவர் கூண்டில் ஏறும் முன் அரசு வழக்கறிஞர் வராண்டாவில் இல்லாமல் ஓர் அறையில் அரை மணி நேரம் அவரோடு உட்காரட்டும், பதில் சொல்லித்தர அல்ல, கேட்டுத் தெரிந்துகொள்ள. பலவீனம் எங்கே என்று நிபுணரே சொல்வார், அதை முதல் விசாரணையிலேயே கேட்டு வெளியே கொண்டுவந்துவிட்டால் எனக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. அப்புறம், வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஊட்டி மருத்துவக் கல்லூரியின் தடய மருத்துவத் துறையும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சேர்ந்து மாதிரி விசாரணை நடத்தட்டும். தீர்ப்பாகி அப்பீல் காலமும் முடிந்துபோன பழைய கட்டுகளில் பெயர்களை அழித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். நிலுவையில் இருக்கும் எந்த வழக்கும் அந்த அறைக்குள் வரக்கூடாது. சட்ட உதவி ஜூனியர்களையும் பின்வரிசையில் உட்கார வையுங்கள், அவர்களுக்கும் குறுக்கு விசாரணை கற்றுக்கொள்ள வேறு இடம் இல்லை.

குறுக்கு விசாரணை செய்ய ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். வழக்கமாகக் கோர்ட்டில் காட்டும் மரியாதைக் குறைவு அத்தனையும் காட்டுவேன், அப்போதுதான் பழகும். கட்டணம் வேண்டாம். சனிக்கிழமையாக இருந்தால் வசதி, கூடலூர், பந்தலூர் டாக்டர்கள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரும்படி மத்தியானத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும். தேதியை முடிவு செய்தால் குன்னூர் வழக்கறிஞர் சங்கத்தில் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குன்னூர் வழக்கறிஞர் ஒருவர்